மெயின்லேண்ட் வாபஸ், இடியாப்பம், கல் ஆனா

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு இப்போது அவள்தான் வந்திருக்கிறாளாம். பத்திரிகையில் ஜப்பான் மல்லர்களைப் பற்றி ஏதோ படித்திருக்கிறாள். கோதாவில் இறங்கும்போது அவர்களுக்கென்று தனிப்பெயர் உண்டாம். ஒருவனுக்கு மலை, ஒருவனுக்குக் கடல், பழைய காலத்தில் ஒருத்தன் மின்விளக்கு என்றே பெயர் வைத்துக்கொண்டானாம்.

"சார், நம்ம லாங் ஐலண்ட் குஸ்தியிலயும் இப்படிப் பேரெல்லாம் இருந்துச்சாமே. நீங்கதான் ரிஜிஸ்தர் எழுதினீங்கன்னு சொன்னாங்க. கொஞ்சம் சொல்லுங்க சார், ஜாலியா இருக்கும்" என்றாள்.

கேட்டவளுக்கு ஜாலி. எழுதினவனுக்கு அது எப்படி இருந்தது என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், தலைக்கு மேல் விமானம் இறங்கியது. போர்ட் பிளேர் விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில் வீடு கட்டியவனுக்கு இது தினப்படி. விமானம் போய் முடிந்தபோது அவள் போனை வைத்துவிட்டிருந்தாள். ஆகவே எழுதியே தொலைக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் அந்தமானுக்குக் கப்பலேறி வந்தவன் நான். நான்கு நாளும் வாந்தி. போர்ட் பிளேரில் ஆறு மாதம் டைப் அடிக்கவும் கோப்புக்கு நூல் கட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு லாங் ஐலண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மரம் வெட்டி, இழுத்து, அறுத்து ஏற்றுகிற தீவு. ராஞ்சிக்காரர்கள், தெலுங்கர்கள், மலையாளிகள், நம்மவர்கள் என்று சில நூறு மஸ்தூர்கள், கூலி ஆட்கள். அவர்கள் வருகைப் பதிவேடான மஸ்டர் ரோல், விடுப்பு, வேலை நிரந்தரம், குடும்பத்துக்குக் கப்பல் டிக்கெட் எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும். அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

என் மேல் அதிகாரி ஹெட் கிளார்க் குருப்பு சார். பாலக்காட்டுக்காரர். தமிழ் என்னைவிட நன்றாகப் பேசுவார், ஆனால் அலுவலகத்தில் பேசமாட்டார். தமிழனிடம் தமிழில் பேசினால் மற்றவர்கள் பாரபட்சம் என்பார்களாம். அதனால் "மிஸ்டர் சண்முகம்" என்று ஆரம்பித்து இங்கிலீஷிலோ இந்தியிலோ முடிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதுகூடத் தேவலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அவரிடம் ஒரு பென்சில் இருந்தது. காலையில் வந்ததும் பிளேடால் அதைச் சீவுவார். சீவிய தூளைக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போடுவார். கைக்குட்டையில் சுற்றிய ரப்பர் ஒன்றை வலது கைப்பக்கம் வைப்பார். கோப்பு மேஜைக்குப் போனால் ஒரு வரி விடாமல் படிப்பார். எங்காவது சந்தேகம் வந்தால் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். அவ்வளவுதான். கேள்வி என்ன என்று எழுதமாட்டார். நாம்தான் அந்த வரியை முறைத்துப் பார்த்து, என்ன தப்பு என்று கண்டுபிடித்து, சரிசெய்து அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் ரப்பரால் அழிப்பார். இல்லாவிட்டால் குறி அப்படியே இருக்கும். எனக்கு முன்னால் இருந்த கிளார்க் ஒருவர் துணிந்து போய், "சார், என்ன கேள்வி?" என்று கேட்டாராம். "உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று குருப்பு சார் இரண்டாவது கேள்விக்குறியைப் போட்டாராம். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

இனி குஸ்திக்கு வருகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை மஸ்தூர்களுக்கு விளையாட்டு விழா. அதில் குஸ்திக்குத்தான் கூட்டம். எனக்குக் கொஞ்சம் உரத்த குரல், மூன்று பாஷை வாய்க்கு வரும். இந்தக் குற்றத்துக்காகப் பெயர்ப் பதிவும் மைக்கும் என் தலையில் விழுந்தன.

பதிவு ரேஷன் கிடங்கு வாசலில் நடக்கும். அரிசி மூட்டை நிறுக்கிற மெஷினில் ஆளை ஏற்றி எடை பார்ப்போம். பியூன் மக்பூல் சாச்சா கை, கால் நகங்களைப் பார்த்து, நீளமாக இருந்தால் அங்கேயே வெட்டிவிடுவார். எண்ணெய் தடவியிருக்கிறானா என்று உள்ளங்கையால் முதுகில் ஒரு இழுப்பு. மோதிரம், கயிறு, தாயத்து எல்லாம் கழற்ற வேண்டும். தாயத்தைக் கழற்ற மறுப்பவனோடு கால் மணி நேரம் போகும். கடைசியில் என் மேஜைக்கு வருவான். பெயர் கேட்பேன். அங்கேதான் என் பாடு ஆரம்பிக்கும்.

"மெயின்லேண்ட் வாபஸ்" என்பான் ஒரு தெலுங்கன். தன்னோடு மோதுகிறவன் அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்பிவிடுவான் என்று அர்த்தம். "ரேஷன் பந்த்" என்பான் இன்னொருவன். அவன் சாப்பிட்டு எழுந்தால் மற்றவர்களுக்கு ரேஷன் கிடையாது. குள்ளமாக ஒருத்தன் "ஆதா டிக்கட்", அரை டிக்கெட். படகில் வேலை செய்த ஒருவன் "எஞ்சின் ஃபெயில்". சண்டை நடுவில் செத்த மாதிரி தளர்ந்து விழுவான், எதிராளி பிடியை விட்டதும் சடாரென்று எழுந்து கவிழ்ப்பான். நாகர்கோவில் பக்கத்துக்காரன் ஒருத்தன் இருந்தான், அவன் பெயர் "இடியாப்பம்". பிடி போட்டால் அவன் கை எது கால் எது என்று நடுவருக்கே தெரியாது. ஒருத்தன் தன் பெயரை "பிஸ்மில்லா கான்டீன் பக்கத்துல நிக்கிறவன்" என்று எழுதச் சொன்னான். அதெல்லாம் பெயரே இல்லை என்று நான் கத்தினேன். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்றான் அவன்.

மக்பூல் சாச்சா இந்தத் தீவுகளிலேயே பிறந்தவர். ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த மூன்று வருஷமும் விமானத்தளத்தில் கல் சுமந்தவர். முதுகில் அதற்கான அடையாளம் இருந்தது. அவர் சொல்வார்: "ஞாயித்துக்கெழமை அவனுங்க சிப்பாய்ங்க மண்ணுல வட்டம் போட்டு, லங்கோட்டி கட்டி மல்லுக்கு நிப்பானுங்க பேட்டா. ஒருத்தனுக்குப் பேரு பெரிய மலை. பார்த்தா என் தோள் உசரம்கூட இல்ல. சிரிச்சா உதை விழும். சிரிக்காம நின்னு பார்த்தோம்." அதைவிட இது பரவாயில்லை, சிரிக்கலாம் இல்லையா என்று என்னைத் தேற்றுவார். நான் தேறவில்லை.

ஒரு வருஷம் ராஞ்சிக்காரன் ஒருவன் "தேரா பாப்" என்று பெயர் கொடுத்தான். உன் அப்பன். வரிசை நீளமாக இருந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது, எழுதிவிட்டேன். விழாவுக்குப் பெரிய அதிகாரி ஒருவர் மனைவியோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பயல் வரிசையாக ஜெயித்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு முறையும் நான் மைக்கில் "ஜீத் கயா தேரா பாப்" என்று அறிவிக்க வேண்டியிருந்தது. ஜெயித்தது உன் அப்பன். மூன்றாவது முறை அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார். அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் மண்ணில் புரண்டு சிரித்தது.

மறுநாள் குருப்பு சார் என்னைக் கூப்பிட்டார். ரிஜிஸ்தர் அவர் மேஜையில் விரிந்திருந்தது. பெயர்க் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை கேள்விக்குறிகள்.

"மிஸ்டர் சண்முகம், அடுத்த வருஷம் முதல் மஸ்டர் ரோலில் உள்ள பெயர் மட்டும்தான்."

அடுத்த வருஷம் அப்படியே செய்தேன். ராஞ்சிக்காரர்கள் பிறந்த கிழமையைப் பெயராக வைப்பவர்கள். புதன்கிழமை பிறந்தவன் புத்துவா. அந்த வருஷம் ஐந்து புத்துவாக்கள் வந்துவிட்டார்கள். புத்துவாவும் புத்துவாவும் மோதினார்கள். "புத்துவா புத்துவாவை வீழ்த்தினான்" என்று மைக்கில் சொன்னேன். இரண்டு கோஷ்டியும் தங்கள் ஆள்தான் ஜெயித்தான் என்று முரசு கொட்டிக் கோதாவுக்குள் இறங்கின. தகராறில் நாற்காலி உடைந்தது, மைக் உடைந்தது, என் மூக்குக்கண்ணாடியும் உடைந்தது. இதற்குப் பிறகு குருப்பு சார் யோசித்து ஒரு ஏற்பாடு செய்தார். மஸ்டர் பெயர் ஒரு கட்டம், பட்டப்பெயர் ஒரு கட்டம். பட்டப்பெயர்களை முன்கூட்டியே அவர் பார்த்து ஒப்புதல் தருவார். அதாவது பென்சிலோடு பார்ப்பார். ஒவ்வொரு கேள்விக்குறிக்கும் நான் தீவைச் சுற்றி ஓடி, அந்தப் பயில்வானைப் பிடித்து, வேறு பெயருக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும். இடியாப்பத்துக்கே கேள்விக்குறி விழுந்தது. அது தின்கிற பண்டம், ஆபாசம் இல்லை என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். அழித்துக் கொடுத்தார்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியபிறகு குஸ்திக்குப் பெயர் கொடுக்க வந்தான் கருப்பையா.

ராமநாதபுரம் பக்கத்துக்காரன். மரக்கட்டை இழுக்கிற கும்பலில் வேலை. முப்பது வயதிருக்கும். அகலமான தோள், பேச்சு குறைவு. எடை பார்த்து, நகம் பார்த்து, என் மேஜை முன்னால் வந்து நின்றான்.

"பட்டப்பேரு?"

"கல் ஆனா."

தமிழில் படிக்கிறவர்கள் கல், பாறை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்து எழுதினேன். எழுதி முடித்தபிறகுதான் உறைத்தது. அது இந்தி. நாளைக்கு வா.

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்புக்குக் காரணம் இருந்தது. தீவு முழுக்க அந்த இரண்டு வார்த்தையை அதிகம் சொல்கிறவன் நான்தான். ஜன்னலில் யார் வந்து நின்றாலும், காகிதம் என்ன ஆச்சு சாப் என்று கேட்டாலும், கோப்பு பென்சில் குறியோடு மேஜையில் கிடக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்? கல் ஆனா.

அன்று மாலையே பட்டியல் குருப்பு சாரிடமிருந்து திரும்பி வந்தது. மெயின்லேண்ட் வாபஸ், ரேஷன் பந்த் எல்லாம் தப்பிவிட்டன. கல் ஆனாவுக்கு மட்டும் கேள்விக்குறி. இந்த முறை கேள்வி என்ன என்று கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை.

மறுநாள் கட்டை இழுக்கிற இடத்துக்குப் போனேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. முழங்கால் வரை சேறு. புதுச் செருப்பில் ஒன்று சேற்றோடு போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு அவன் முன்னால் போய் நின்றேன்.

"ஏம்பா, ஆபீஸை நக்கல் பண்றதுக்கா குஸ்தி? பேரை மாத்திக்கோ. படகுத்துறைச் சிங்கம்னு வச்சிக்க. நல்லா இருக்கும்."

அவன் தோளிலிருந்த கயிற்றை இறக்கிவைத்தான். "அந்தப் பேரு நான் வச்சது இல்ல சார். நீங்க வச்சது."

"நானா?"

"ஒரு வருஷம் எட்டு மாசமா உங்க ஜன்னலுக்கு வாறேன். என்னைக்காவது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்களா? தலை தெரிஞ்சதும் கல் ஆனா. கும்பல்ல எல்லாரும் அதையே பிடிச்சிக்கிட்டாங்க. இப்பக் கருப்பையான்னு கூப்பிட்டா எனக்கே திரும்பத் தோணல."

எனக்குக் கோபம்தான் வந்தது. குற்றம் சுமத்தப்பட்டவனுக்கு முதலில் வருவது அதுதானே. "நான் என்னப்பா பண்ண? ஹெட் கிளார்க் கையெழுத்துப் போடாம நான் என் வீட்டுல இருந்தா எடுத்துத் தரமுடியும்?"

"என்ன குறைன்னு சொல்லுங்க சார். கொண்டாறேன். அதையும் சொல்லமாட்டேங்கிறீங்க."

என்ன குறை என்று எனக்குத் தெரியாது. அதை அவனிடம் சொல்லாமல், ஒற்றைச் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றை வழித்தேன்.

அவனே பேசினான். நிரந்தரம் ஆனால்தான் குடும்பத்துக்கு டிக்கெட், குடியிருக்க லைன் வீடு. அவன் கப்பலேறும்போது மனைவி பேச்சி ஆறு மாதக் கர்ப்பம். பெண் பிறந்த செய்தி கடிதத்தில் வந்தது. இப்போது அந்தக் குழந்தைக்கு மூன்று வயது. பேச்சி அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணன் வீட்டை விற்றுவிட்டு மதுரைக்குப் போகிறானாம். சித்திரைக்குள் கூப்பிட்டுக்கொள்ளாவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன் என்று யாரையோ வைத்து எழுதியிருக்கிறாள்.

"நான் கேலிக்குப் பேரு வைக்கல சார். வேற பேரு சொன்னா கோதாவுல இறங்கமாட்டேன். போங்க" என்று கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான்.

திரும்பி வந்து அவன் கோப்பை எடுத்தேன். மூன்றாவது தாளில், பெயருக்கு எதிரே, அந்தப் பாழாய்ப்போன குறி. ஊரில் ஆளெடுத்தபோது நிரப்பிய தாளில் கருப்பையா, தகப்பன் பெயர் முனியாண்டி. எங்கள் மஸ்டர் ரோலில் கருப்பன், தகப்பன் முனியன். யாரோ இந்திக்காரக் கிளார்க் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். இதைப் பெரிய விஷயமாக நான் நினைத்ததே இல்லை. கையெழுத்து, தேதி, முத்திரை என்று வேறு எங்கெல்லாமோ தப்புத் தேடி, நான்கு முறை திருப்பி அனுப்பியிருந்தேன். நான்கு முறையும் குறி அழியாமல் வந்திருந்தது. ஐந்தாவது முறை அனுப்பச் சலித்துப்போய் அலமாரியில் போட்டுவிட்டேன். அலமாரியில் போட்டவன் நான்தான். குருப்பு சார் இல்லை.

கோப்பை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"சார், இந்தக் கேள்வி என்ன?"

பிளேடு நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரண்டாவது குறிக்குத் தயாராக நின்றேன். அவர் பிளேடைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, முதல்முறையாகத் தமிழில் பேசினார்.

"ஆள் ஒண்ணா, ரெண்டான்னு கேள்வி. அடுத்தவன் காகிதத்துல கப்பலேறி வந்தவங்க இங்க இருக்காங்க. காகிதத்துல இருக்கிற கருப்பையா வேற, நிக்கிற கருப்பன் வேறன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது? அடையாளக் குறி ரெண்டு எழுதியிருக்கு பாருங்க. கெசட்டட் ஆபீசர் யாராவது ஆளைப் பார்த்து, சரின்னு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

"இதை அன்னைக்கே எழுதியிருக்கலாமே சார்." என் குரல் உயர்ந்துவிட்டது. "ஒன்றரை வருஷத்துக்கு மேல அந்த ஆளைத் துரத்திட்டிருக்கேன் சார்."

"மையில எழுதினா அது ஆட்சேபம் மிஸ்டர் சண்முகம். ஆள்மாறாட்டச் சந்தேகம்னு பதிவாயிடும். கோப்பு போர்ட் பிளேருக்குப் போகணும், விசாரணை வரும், அவன் சர்வீஸ் முழுக்க அது கூடவே வரும். பென்சில்னா அழிச்சிடலாம். யாராவது வந்து கேப்பீங்கன்னு பார்த்தேன். யாரும் வரலை."

வந்து கேட்டவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்கவில்லை. மனிதர் உபகாரம் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த உபகாரம் யாருக்கும் தெரியாதபடி செய்திருக்கிறார். எனக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

எங்கள் தீவில் அப்போது கெசட்டட் ஆபீசர் கிடையாது. போர்ட் பிளேர் போய்வர அவனுக்குப் படகு, விடுப்பு, உத்தரவு எல்லாம் வேண்டும், அதற்கே இன்னொரு கோப்பு. குருப்பு சார் நாள்காட்டியைப் பார்த்தார். "சனிக்கிழமை விழாவுக்குப் பெரிய ஆபீசர் வர்றார்" என்றார். பிறகு பயில்வான் பட்டியலை இழுத்து, கல் ஆனாவுக்கு எதிரே இருந்த குறியை ரப்பரால் தேய்த்தார். தாள் கிழிகிற அளவுக்குத் தேய்த்தார்.

சனிக்கிழமை. படகுத்துறைக்குப் பக்கத்து மைதானம். மைக்கில் நான். முதல் சுற்றில் "கல் ஆனா" என்று நான் அழைத்ததும் எழுந்த சிரிப்பில் அடுத்த பெயர் யாருக்கும் கேட்கவில்லை. கருப்பையா சிரிக்கவில்லை. ரேஷன் பந்தைத் தூக்கிப் போட்டான். எஞ்சின் ஃபெயிலை, தளர்ந்து விழுந்தபிறகும் பிடியை விடாமல் அமுக்கியே வைத்திருந்தான். கடைசிச் சுற்றில் மெயின்லேண்ட் வாபஸ். அரை மணி நேரம் போராடினார்கள். முடிவில் முதுகு மண்ணில் பட்டது கருப்பையாவுக்குத்தான்.

போச்சு என்று நினைத்தேன். ஜெயித்திருந்தால் மாலை போட ஆபீசர் பக்கத்தில் அழைப்பார்கள், ஒரு வார்த்தை சொல்லலாம். தோற்றவன் துண்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விடுவான். ஆனால் ஆபீசருக்கே அந்தப் பெயர் மண்டையைக் குடைந்திருக்கிறது. பரிசு கொடுத்து முடித்ததும், "அந்த இன்னொருத்தனைக் கூப்பிடு" என்றார்.

இடுப்பில் லங்கோட்டி, உடம்பு முழுக்கச் செம்மண். கருப்பையா வந்து நின்றான்.

"இது என்ன பெயர்?" என்று இந்தியில் கேட்டார் ஆபீசர்.

அவன் என்னைப் பார்த்தான். மைக் என் கையில் திறந்தே இருந்தது. மூட வேண்டும் என்று தோன்றியது, மூடவில்லை.

"ஆபீஸ்ல சொல்றது சாப். என் காகிதத்துக்குப் போனப்பல்லாம் சொன்னது" என்றான், தெரிந்த இந்தியில்.

அது மைதானம் முழுக்கக் கேட்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஆபீசர் மெதுவாகக் குருப்பு சார் பக்கம் திரும்பினார். நான் வேலை போனதாகவே முடிவு செய்துவிட்டேன்.

குருப்பு சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் கக்கத்தில் ஒரு கோப்பு இருந்தது. காலையிலிருந்து அதோடுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார், நான்தான் கவனிக்கவில்லை. "அவன் சொல்வது உண்மை சார். தாமதம் எங்கள் அலுவலகத்தினுடையது. கோப்பு இங்கே இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி பாக்கி. நீங்கள் இந்த ஆளை ஒருமுறை பார்த்தால் தீர்ந்துவிடும்" என்றார்.

"பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்."

"மார்பில் இடப்பக்கம் மச்சம். வலது முழங்காலில் தழும்பு. இரண்டும் இருக்க வேண்டும்."

ஆபீசர் மண் பூசிய அந்த உடம்பைப் பார்த்தார். "இதில் மச்சத்தை எங்கே தேடுவது?" என்றார் எரிச்சலாக. மக்பூல் சாச்சா அதற்குள் வாளித் தண்ணீரோடு வந்துவிட்டார். தலைவழியே ஊற்றினார். இரண்டாவது வாளி. மூன்றாவது வாளி. ஆபீசரின் வெள்ளைக் கால்சட்டையில் செம்மண் தெறித்தது.

இடது மார்பில் மச்சம் இல்லை. வலது முழங்காலில் தழும்பு இல்லை.

கருப்பையாவின் முகம் தொங்கிவிட்டது. சாச்சா மட்டும் துண்டால் அவன் உடம்பைத் துடைத்துக்கொண்டே, "அரே சாப், இங்க இருக்கே" என்றார். வலது மார்பில், மிளகு அளவுக்கு ஒரு மச்சம். கீழே குனிந்து இடது முழங்காலைத் துடைத்தார். தழும்பு, அரிவாள் வெட்டு மாதிரி நீளமாக.

"இடம் மாறியிருக்கிறதே" என்றார் ஆபீசர். "எழுதியிருப்பது இடது. இருப்பது வலது. நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?"

குருப்பு சார் பென்சிலை எடுத்தார். இங்கேயும் ஒரு குறி போட்டுவிடப் போகிறார் என்று பல்லைக் கடித்தேன். அவர் கருப்பையாவுக்கு எதிரே போய் நின்றார். பென்சிலால் அவன் மச்சத்தைத் தொட்டார், பிறகு தன் மார்பைத் தொட்டார். தன் இடது மார்பை.

"எதிரே உட்கார்ந்து எழுதியவன் தன் கைக்கு எது இடதோ அதை இடது என்று எழுதிவிட்டான் சார். மச்சம் மட்டும் மாறியிருந்தால் நான் சந்தேகப்படுவேன். தழும்பும் அதே மாதிரி மாறியிருக்கிறது. இரண்டும் ஒரே விதமாகத் தவறியிருப்பதால் தவறு எழுதியவனுடையது. ஆள் இவன்தான்."

ஆபீசர் எழுந்து வந்து, குருப்பு சார் நின்ற இடத்தில் தானும் நின்று, தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முன் வரிசையில் பாதிப் பேர் எதற்கென்று தெரியாமலே தங்கள் மார்பைத் தொட்டுக்கொண்டார்கள். ஆபீசர் பேனாவைக் கேட்டு வாங்கினார். மெயின்லேண்ட் வாபஸின் முதுகில் கோப்பை வைத்து இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார். "இவனுக்கு எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனையும் உத்தரவில் எழுதுங்கள். இனிமேல் யாரும் இதில் கேள்வி கேட்கக்கூடாது" என்றார்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. நானே டைப் அடித்தேன். கருப்பையா என்கிற கருப்பன் என்கிற கல் ஆனா. அரசாங்க முத்திரையோடு. கருப்பையா அதை வாங்கி, படிக்கத் தெரியாததால் என்னையே படிக்கச் சொன்னான். படித்தேன். மூன்றாவது பெயர் வந்தபோது அவனும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. "நல்லது சார்" என்று மடித்து வேட்டி முடிச்சில் வைத்துக்கொண்டான்.

எனக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கிளார்க்குகள் மஸ்தூரிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. இப்போதும் கேட்பதாகத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கோப்பில் குறி விழுந்தால் அன்றைக்கே குருப்பு சார் அறைக்குள் போய் நின்றுவிடுவேன். அவருக்கும் அது எரிச்சல், எனக்கும் எரிச்சல். ஆனால் கோப்பு நகர்ந்தது.

பேச்சியும் குழந்தையும் சித்திரைக்கு முன்னாலேயே கப்பலேறிவிட்டார்கள். போர்ட் பிளேரில், ஷாதிபூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் மூன்று நாள் தங்கி, தீவுப் படகு பிடித்து லாங் ஐலண்ட் வந்து சேர்ந்தார்கள். படகு வரும் நாளில் இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பட்டியலில் சரிபார்த்து விடுவது என் வேலை. படகிலிருந்து இறங்குகிற பலகை குறுகலானது. ஒருவர் நகர்ந்தால்தான் அடுத்தவர் இறங்க முடியும். பேச்சி தலையில் ஒரு பெட்டியும் கையில் குழந்தையுமாக இறங்கினாள். பெயர் கேட்டேன், சொன்னாள். புருஷன் பெயர் கேட்டேன். சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, எதிரே நின்றவனைக் காட்டினாள்.

கருப்பையா சட்டை போட்டு, தலை வாரி நின்றிருந்தான். பேச்சி குழந்தையை இறக்கிவிட்டு, "அப்பாகிட்ட போ" என்றாள். குழந்தை போகவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரிய உருவத்தைப் பார்த்தது. அவன் கையை நீட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. பலகையின் முனையில், குழந்தையின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

பின்னால் படகில் முப்பது பேர் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். வெயில். யாரோ நகரச் சொல்லிக் கத்தினார்கள். படகுக்காரன் மணியடித்தான். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினேன். பலகையின் குறுக்கே நின்றுகொண்டேன். குழந்தை ஒரு அடி வைத்தது, நின்றது. எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறதோ எடுத்துக்கொள்ளட்டும் என்று அத்தனை பேரையும் நிறுத்தி வைத்தேன்.